குரலும் செயலும்

மும்பையின் டிராம்பே பகுதியில் உள்ளது சீத்தா கேம்ப். 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். தமிழ், மராத்தி, இந்தி, உருது எனப் பல மொழிகள் இதன் சந்துகளில் ஒலிக்கின்றன. இத்தகைய ஒரு சந்தில் நிகழ்ந்ததாக ஒரு கதையைப் படிப்போம்.

ஒரு நாள் காலை, சிறுமி ஒருத்தி குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைந்த குடத்தைச் சாக்கடை ஓரத்தில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை, "உன் கண் எங்கே போயிற்று?" என்று கத்திக்கொண்டே அக்குடத்தை வெடுக்கென இழுத்தார். சிறுமி அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

"அத்தை என் குடத்தைப் பிடுங்கினார். இனி அவர் வீட்டுக்குப் போகமாட்டேன்" என்று பாட்டியிடம் முறையிட்டாள்.

பாட்டியோ, "நான் மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. உன் குடம் சாக்கடைப் பக்கம் சரிந்தது, அவள்தான் தாங்கிப் பிடித்தாள்" என்றார்.

செயல் ஒன்றே. குரலைக் கேட்டவளுக்கு அது பறித்தலாகத் தோன்றியது. குரலைக் கேளாதவருக்கு அது காத்தலாகத் தெரிந்தது. குரலின் உரப்பும் விரைவும் ஏற்ற இறக்கமும் சொல்லின் பொருளையே மாற்றவல்லவை. "நன்றாகச் செய்தாய்" என்பதை ஒருமுறை மகிழ்ந்தும், ஒருமுறை ஏளனமாகவும் சொல்லிப் பாருங்கள். முன்னது பாராட்டு, பின்னது பழிப்பு.

இதனாலன்றோ வள்ளுவர், 'இனியவை கூறல்' அதிகாரத்தில், மனமகிழ்ந்து பொருள் கொடுப்பதைவிட முகமலர்ந்து இன்சொல் கூறுவது சிறந்தது என்றார்! கடுங்குரல் நற்செயலையும் மறைத்துவிடும். எனினும், கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. குரல் சுட்டாலும், கை என்ன செய்தது என்று நோக்குதல் வேண்டும்.

மறுநாள் சிறுமி, "அத்தை, நேற்று என் குடத்தைக் காப்பாற்றினீர்கள். நன்றி" என்றாள். அத்தையின் குரல் தாழ்ந்தது. "பயந்துவிட்டாயா, கண்ணு? குடம் விழுந்துவிடுமே என்ற பதற்றத்தில் கத்திவிட்டேன்" என்றார்.

சொற்பொருள்
வெடுக்கென – சட்டென்று
உரப்பு – குரலின் வலிமை
ஏளனம் – இகழ்ச்சி
பதற்றம் – படபடப்பு

பயிற்சி
1. சிறுமியும் பாட்டியும் ஒரே செயலை வெவ்வேறாக உணர்ந்தது ஏன்?
2. அத்தை கூறியதை இன்சொல்லாக மாற்றி எழுதுக.
3. "இங்கே வா" என்பதை அன்பு, சினம், அச்சம் ஆகியவை தோன்றச் சொல்லிக் காட்டுக.
4. ஒருவரின் குரலைக் கேட்டு அவரைத் தவறாக எண்ணிய நிகழ்ச்சி ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.