கார்னரில் நிற்கும் தம்பிக்கு

தம்பி,

நீ கார்னரில் நின்று ஆள் பிடிப்பதை விட்டுவிட்டு இனிமேல் ரைடு போகப் போவதாக உங்கள் ஊர்ப் பையன்கள் சொன்னார்கள். காரணத்தையும் சொன்னார்கள். பொங்கலுக்கு நடந்த மின்னொளி கபடியில் ஆட்டத்துக்கு ஆட்டம் நீ ஆள் மடக்கியும், சிறந்த ஆட்டக்காரர் பரிசு ரைடருக்குப் போயிற்றாம். மைக்கில் வர்ணனை செய்தவர் உன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லையாம். கோபம் வரத்தான் செய்யும். உன்னிடம் நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனால் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மன்னார்குடி வரை இதே நினைப்போடு ஊருக்கு ஒரு பையன் இருக்கிறான். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ரைடர்தான் சம்பாதிக்கிறான் என்கிறாயாமே. புரோ கபடி ஏலத்தில் ஒரு கோடியை முதலில் தொட்டவர் யார் தெரியுமா? 2018இல், ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராச்சலி. இடது கார்னர். அதே நாட்டிலிருந்து வந்த இன்னொரு கார்னரான முகமதுரேசா ஷாட்லூயி, 2023 ஏலத்தில் 2.35 கோடிக்குப் போனார். அவரை எடுத்த புனே அந்த சீசனில் கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் அவர் ஹரியானாவுக்கு மாறினார். கோப்பையும் அங்கே போனது. இப்போது ரைடர் கணக்கைப் பார். பர்தீப் நர்வாலைவிடப் பெரிய ரைடரை இந்த லீக் கண்டதில்லை. 1,800க்கு மேல் ரைடு புள்ளிகள். 2021 ஏலத்தில் 1.65 கோடி, அன்றைக்கு அதுதான் உச்சம். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஒரு அணியும் கை தூக்கவில்லை. ஓய்வை அறிவித்தபோது வயது 28.

அந்த பர்தீப் 19 வயதுப் பையனாக பாட்னா பைரேட்ஸ் அணியில் ஆடிய 2016 சீசனில் அணித் தலைவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சேரலாதன். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகிற சாலையில் வரும் திருச்சென்னம்பூண்டிக்காரர். வலது கார்னர், உன் இடம்தான். ஹைதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை; தென்கொரியாவிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்ற இந்தியா, இறுதியில் ஈரானை 38-29 என்று மடக்கியது. அந்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். மூன்று வருடம் கழித்து, 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவர். கபடிக்குப் பேர் போன ஹரியானாவின் பெயரைத் தாங்கிய அணி, காவிரிக் கரையிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைவராக்கியது. வடக்கத்திப் பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள்.

நாற்பது வயதில் ஒரு உடம்பு இருபது வயது ரைடரைப் பிடிக்கிறது என்றால், அது வேகத்தால் ஆகிற காரியமில்லை. அவருடைய பழைய ஆட்டங்கள் யூடியூபில் கிடக்கின்றன. பிடி விழுகிற நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதே, அதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். பிடிக்காமல் விட்ட ரைடுகளைப் பார். ரைடர் வந்து, கை நீட்டி, காலைச் சுண்டி, ஆசை காட்டிவிட்டுத் திரும்புவான். கார்னர் அரை அடி பின்வாங்கியதோடு சரி, அவன் நிழலைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். காலி ரைடு என்று ஸ்கோர் போர்டில் எதுவும் ஏறாது. ஏறாததுதான் உன் வேலையில் பாதி.

உன் பிடியில் எனக்குக் குறையே இல்லை. கணுக்கால் பிடி உனக்கு இயல்பாக வருகிறது. இரண்டு கையும் பூட்டுப் போலச் சேர்கின்றன, தலையை அவன் முழங்காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறாய், காலைத் தரையோடு அழுத்தாமல் மேலே தூக்குகிறாய். இதைச் சொல்லிக் கொடுத்தே சில பையன்களுக்கு வருவதில்லை. உன் சிக்கல் அவசரம். ரைடர் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைப்பதற்குள் உனக்குக் கை அரிக்கிறது, பாய்ந்துவிடுகிறாய். அட்வான்ஸ் டேக்கிள் என்று டிவியில் திட்டுகிறார்களே, அதுதான். மாட்டினால் ஒரு புள்ளி. நழுவினால் நீ வெளியே, உனக்கு உதவ வந்து தொட்ட கவர் ஆட்டக்காரனும் வெளியே, அவனுக்கு இரண்டு புள்ளி. அடுத்து யாராவது புள்ளி எடுத்து உன்னை உள்ளே கொண்டுவரும்வரை உன் மூலையில் பழக்கமில்லாத ஒருவன் நிற்பான். எதிரணி அந்த மூலைக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

அவன் கையையும் கண்ணையும் பார்க்காதே, இரண்டும் பொய் சொல்லும். இடுப்பைப் பார். எதிரில் ஆறு பேராவது நிற்கும்போது உன் பக்கம் வருகிறவன் பெரும்பாலும் போனஸ் மேல் கண் வைத்திருப்பான். போனஸ் செல்ல வேண்டுமானால் ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், மறுகால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு கணம் அவனுடைய முழு எடையும் ஒற்றைக் காலில், அதுவும் உனக்குக் கைக்கெட்டும் காலில் நிற்கிறது. அதற்கு முன்னால் போனால் அவன் இரண்டு காலில் நிற்பான், உன்னை இழுத்துக்கொண்டே கோட்டுக்குப் போவான்.

கடிகாரம் யார் பக்கம் என்பதையும் மனதில் வை. ஒரு ரைடுக்கு 30 விநாடி. இரண்டு காலி ரைடுக்குப் பிறகு வருகிற மூன்றாவது ரைடில் புள்ளி எடுக்காவிட்டால் அவன் அவுட். அவன்தான் வந்தாக வேண்டும், நீ போக வேண்டியதில்லை. கடைசிப் பத்து விநாடியில் அவன் செய்கிற தப்புக்காக நின்றால் போதும். நம் ஊர்ப் போட்டிகளில் கூட்டம் ‘பிடிடா பிடிடா’ என்று கத்துவது சரியாக அந்த நேரத்துக்கு முன்னால்தான். கூட்டத்துக்கு என்ன, அவர்களா வெளியே போய் உட்காரப் போகிறார்கள்?

தமிழ்த் தலைவாஸ் கதையை எடுத்துக்கொள். 2022இல் 2.26 கோடி கொடுத்து பவன் ஷெராவத் என்ற ரைடரை எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடரை மடக்கப் போய் அவருக்கு முழங்கால் போயிற்று. அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. அணி முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சாகர் வலது கார்னர், சாஹில் குலியா இடது கார்னர், அதிகம் பேர் கேள்விப்படாத நரேந்தர் என்ற இளம் ரைடர் என்று ஆடிக்கொண்டே போய் முதல் முறையாக அரையிறுதியில் நின்றது தலைவாஸ். வரிசையாகக் கடைசி இடம் வாங்கிய அணி அது.

தடுப்பவனை மறந்து புள்ளி எடுப்பவனைக் கொண்டாடுவது கபடிக்கு மட்டுமான வழக்கம் இல்லை. அமெரிக்காவின் பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் என்றொரு இடம் உண்டு, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று வருகிற பந்தையெல்லாம் மறிக்கிற வேலை. ஆஸி ஸ்மித் என்பவர் 1978 முதல் 1996 வரை 19 சீசன் அங்கே நின்றார். அத்தனை வருடத்தில் அவர் அடித்த ஹோம் ரன் 28தான். பெரிய அடிக்காரர்கள் ஒரே வருடத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். ஆனால் தடுப்பாட்டத்துக்குக் கொடுக்கும் தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து 13 முறை வாங்கினார். 2002இல், தகுதி வந்த முதல் வருடத்திலேயே, அந்த ஆட்டத்தின் புகழ்க் கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்கேயும் மைக்காரர்கள் ஹோம் ரன்னுக்குத்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். 55 கிலோ, 65 கிலோ என்று எடை வைத்து நடத்தும் போட்டிகளுக்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிறீர்களே, அதை இந்த வருடத்தோடு விடு. நுழைவுக் கட்டணம் கட்டியாயிற்று என்பதற்காக வளருகிற வயதில் சோற்றைக் குறைக்காதே. எடை போடும்போது சரியாக இருக்கும். கால் இறுதிக்கு உங்கள் அணியைக் கூப்பிடும்போது ராத்திரி இரண்டு மணி ஆகியிருக்கும், வயிற்றில் பரோட்டா மட்டும் இருக்கும், தொடை நடுங்கும். கார்னருக்குத் தொடைதான் முதல். குனிந்த நிலையில் ஆட்டம் முழுக்க நிற்கிறவன் அவன் ஒருவன்தான்.

மேட் விரிப்பில் ஆடிப் பழகு. நாம் சம்பா அறுத்த வயலில், மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்த களத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள். மண்ணில் ரைடர் திரும்பும்போது கொஞ்சம் வழுக்குவான், அந்த வழுக்கலை நம்பியே நம் பிடி அமைந்திருக்கும். மேட்டில் ஷூ போட்டவன் வழுக்கவே மாட்டான். நின்ற இடத்தில் திரும்பிவிடுவான். உன் பாதமும் அப்படியே ஒட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் தசைநார் அறும். தஞ்சாவூர் அன்னை சத்யா அரங்கம் உனக்குத் தூரமில்லை. வாரத்தில் சில நாளாவது மேட்டில் கால் பட வேண்டும். முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டு வீங்கினால் எண்ணெய் போட்டு உருவுகிறவரிடம் போகாதே, எலும்பு மருத்துவரிடம் போ. இதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை.

வேலை பற்றி. ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கி என்று கபடிக்காரனுக்குச் சோறு போட்டது எல்லாம் விளையாட்டு ஒதுக்கீடுதான்; புரோ லீக் வந்தது 2014இல். வடுவூருக்குப் போய்ப் பார், கபடியால் அரசு வேலைக்குப் போனவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்று. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்த அபினேஷும் அந்த ஊர்ப் பையன்தான். உங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் வேலை கிடைக்காது. எடுபடுவது வேறு காகிதம்: மாநில அணிக்காகத் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடியது, பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடியது, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியது. ஆகவே ராத்திரிப் போட்டிக்குக் கிடைக்கிற ரொக்கத்துக்காக மாவட்டத் தேர்வு நாளைத் தவறவிடாதே. பன்னிரண்டாவதை முடித்துக் கல்லூரியில் சேர். டிகிரிக்காக இல்லாவிட்டாலும் பல்கலைக்கழக அணிக்காக. சான்றிதழ்களை அலமாரியில் துணிக்கு அடியில் வைக்காமல் ஒரு ஃபைலில் போடு. பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடு. இந்த ஒரு எழுத்துக்காக அலைந்தவர்கள் பல பேரை எனக்குத் தெரியும்.

தேர்வுக்கு வரும்போது படிவத்தில் எந்த இடம் என்று கேட்பார்கள். வலது கார்னர் என்று எழுது. ‘ரைடும் போவேன்’ என்று பக்கத்தில் சேர்க்காதே, தேர்வாளருக்கு அது ‘இரண்டும் அரைகுறை’ என்று படும். ரைடு பழக வேண்டாம் என்று சொல்லவில்லை. ரைடர் எப்படி யோசிக்கிறான் என்று தெரிய, பயிற்சியில் தினமும் சில ரைடு போ.

இன்னொன்று. கவர் ஆடுகிற உன் அத்தை மகனோடு பேச்சை நிறுத்திவிட்டாயாம், அந்தப் பொங்கல் ஆட்டத்தில் உன் பிடிக்கு அவன் பின்னால் வரவில்லை என்று. நான் அந்த ஆட்டத்தின் செல்போன் வீடியோவைப் பார்த்தேன். நீ பாய்ந்தபோது அவன் உன் பக்கமே பார்க்கவில்லை, ரைடர் நடுவில்தான் இருந்தான். நீ காலைப் பிடித்த பிறகு அவன் இடித்துத் தள்ள வேண்டுமானால், நீ எப்போது போகப்போகிறாய் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? கையை அழுத்துவதோ தோளைத் தட்டுவதோ, உங்களுக்குள் ஒரு சைகை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவனையும் கூட்டிக்கொண்டு வா, அந்த ஒன்றை மட்டும் பார்ப்போம். வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு வா.

உன் அண்ணன்