வெல்லத்தால் வரும் இளைப்பு

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட சில நிமிஷத்தில் மனைவிக்கு நெஞ்சு இறுகி இளைக்கிறதா? "நடிக்கிறா" என்பார் மாமியார். நடிப்பல்ல. வெல்லம் பளிச்சென்று வெளுக்க ஆலைக்கொட்டகையில் போடும் ஹைட்ராஸ் பொடியால் அதில் தங்கும் சல்பைட் காரணமாயிருக்கலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. காய்ச்சினாலும் முழுசாப் போகாது.

சந்தைக்கு யார் போனாலும் கறுத்த வெல்லமாய்க் கேளுங்கள், பார்வைக்கு அழகில்லைதான். பாட்டில் ஸ்குவாஷ், மஞ்சள் உலர்திராட்சை வாங்கினால் லேபிளில் 220 முதல் 228 வரை எண் இருக்கா என்று பாருங்கள். இருந்தால் அவருக்கு வேண்டாம். எதைச் சாப்பிட்டபோது இளைத்தது என்று நோட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் டாக்டர் தந்த இன்ஹேலரை உறிஞ்சச் செய்து, உடனே 108-க்குப் போன் போடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.