தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் உள்ள அனந்தசரஸ் குளத்தை அறிவீர்களா? அதன் நீருக்கடியில் இருக்கும் அத்திவரதர் சிலை 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எடுக்கப்படுகிறது. கடைசியாக 2019ஆம் ஆண்டில், குளத்து நீரை இறைத்து அதனை எடுத்தார்கள். மற்றபடி, வாரந்தோறும் யாரும் அக்குளத்து நீரை மாற்றுவதில்லை. ஆயினும் குளத்தில் மீன்கள் வாழ்கின்றன. உங்கள் வீட்டு மீன் தொட்டியிலோ ஒரே வாரத்தில் நீர் கலங்கிவிடுகிறது. ஏன்?

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகின்றன. எஞ்சிய இரை அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகைப் பாக்டீரியாக்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1890ஆம் ஆண்டையொட்டி இவற்றை ஆராய்ந்து விளக்கியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி.

இப்பாக்டீரியாக்கள் சேற்றிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. குளத்தில் இவற்றுக்கு இடம் ஏராளம்; மீன்களுக்கு நீரும் ஏராளம். சிறு தொட்டியில் இரண்டும் குறைவு. அடியிலுள்ள கூழாங்கற்களும் வடிகட்டியின் பஞ்சுமே இவற்றின் வீடு. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெறச் சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே போதும்.

சிலர் நீர் முழுவதையும் கொட்டி, கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார்கள். நீர் பளிங்குபோல் தெரியும். ஆனால், சில நாட்களில் மீன்கள் செத்து மிதக்கும்! பாக்டீரியாக்கள் அழிந்ததால் அம்மோனியா பெருகியதே காரணம். அம்மோனியாவுக்கு நிறமில்லை, எனவே கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இரை போடுங்கள்.

நீர் பச்சையாகிறதா? அது நுண்பாசி. இதோ ஒரு சோதனை: குளத்து நீரை இரு கண்ணாடிக் குப்பிகளில் சம அளவு எடுங்கள். ஒன்றை வெயில் படும் சன்னலிலும், மற்றொன்றை இருண்ட அலமாரியிலும் இரண்டு வாரம் வையுங்கள். எது பச்சையாகிறது? உங்கள் மீன் தொட்டியை எங்கே வைக்கலாம் என்பதை இனி நீங்களே முடிவு செய்யலாம்.