மூளையின் வாய்க்கால்கள்

மனித உடலின் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே ஆகும். ஆயினும், உடல் முழுவதும் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கை அதுவே பெற்றுக்கொள்கிறது. இத்துணைப் பசியுடைய அவ்வுறுப்பு, நாளைக்கென இருப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை எனலாம். இரத்தம் நின்றால் அதன் வாழ்வும் நின்றுவிடும்.

மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் உண்டாகிறது. இவற்றுள் அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய குழாயொன்று அடைபட்டு, மருத்துவமும் செய்யப்படாவிடின், நிமிடத்திற்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அதனை 3 மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும் என்றனர். 2008-ஆம் ஆண்டில் அவ்வெல்லை நான்கரை மணி நேரமாக நீண்டது. கட்டியை நுண்கருவியால் வெளியே எடுக்கும் முறை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் உதவுகிறது. ஆனால், காலங்கடந்து வருவோரின் கதி யாது? கையும் காலும் பேச்சும் இழந்து வாழ்வோர்க்கு மருத்துவம் அளிக்கக் கூடியது யாது?

இவ்வினாவிற்கு விடை தேடியவர்களின் கண், அழிந்த பகுதியின் ஓரத்தில் சென்று நின்றது. 1994-ஆம் ஆண்டில், பக்கவாதத்தால் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தவர்கள் அவ்வோரத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதியனவாகத் தோன்றியிருக்கக் கண்டனர். அவை அடர்ந்திருந்தோர் மற்றவர்களினும் நெடுநாள் உயிர் வாழ்ந்திருந்தனர். நெடுநாள் வாழ்ந்தமையால் குழாய்கள் பெருகினவோ, குழாய்கள் பெருகியமையால் நெடுநாள் வாழ்ந்தனரோ என்பதை இதைக்கொண்டு மட்டும் துணிய இயலாது. எனினும், முதிர்ந்த மூளையும் தன் வாய்க்கால்களைத் தானே வெட்டிக்கொள்ள முயல்கிறது என்பது தெளிவாயிற்று.

அம்முயற்சிக்குத் துணை சேர்க்கவே குருத்தணுக்கள் அழைக்கப்பட்டன. மருத்துவர்கள் ஸ்டெம் செல் என வழங்கும் இவ்வணுக்கள், தம்மைப் போன்றவற்றையும் பிறவகை அணுக்களையும் பிறப்பிக்கும் ஆற்றலுடையவை. எலும்பு மஜ்ஜையில் இத்தகையவை உள்ளன என்பதற்குக் கனடா நாட்டு அறிஞர்களாகிய டில், மக்கல்லக் ஆகிய இருவரும் 1961-ஆம் ஆண்டில் எலிகளிடத்துச் சான்று காட்டினர். மடிந்த நரம்பணுக்களின் இடத்தை இவை நிரப்பிவிடும் என்றே தொடக்கத்தில் பலரும் எண்ணினர். ஆனால், விலங்குகளின் உடலிற் செலுத்திய அணுக்களுட் பெரும்பாலானவை சில வாரங்களில் மறைந்துபோயின. விந்தை என்னவெனில், அவை மறைந்த பின்னரும் விலங்குகள் தேறின! அவை சுரந்த பொருள்கள் குழாய்களை வளரத் தூண்டியமை அதற்கு ஒரு காரணமாகும்.

ஜப்பானைச் சேர்ந்த டாகுச்சியும் அவருடன் ஆராய்ந்தோரும் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதனை நன்கு விளக்கும். மூளைக் குழாய் அடைக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, 48 மணி நேரம் கழித்து, மனிதத் தொப்புள்கொடி இரத்தத்தினின்று பிரித்த அணுக்களை அவர்கள் செலுத்தினர். பழுதுற்ற பகுதியின் ஓரத்தில் நுண்குழாய்கள் பெருகின. புதிய நரம்பணுக்களும் தோன்றின. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோதோ, நரம்பணுக்கள் தோன்றுவதும் குறைந்துவிட்டது. நீர்வரத்து நின்ற கழனியில் நாற்றை மட்டும் புதிதாக நட்டுப் பயன் இல்லையன்றோ?

வாய்க்கால் வெட்டுவதற்கும் காலம் அறிதல் வேண்டும். குழாய்களை வளர்க்கும் காரணியைப் பக்கவாதம் வந்த ஒரு மணி நேரத்தில் எலிகளுக்குச் செலுத்தியபோது குழாய்கள் கசிந்து கேடு விளைந்தது. 48 மணி நேரம் கழித்துச் செலுத்தியபோது நலம் விளைந்தது. இவ்வுண்மை 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எலியிடம் கண்ட பயன் மனிதரிடம் எளிதில் கிட்டவில்லை. இந்தியாவில் 5 மருத்துவமனைகளில் 120 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு அவர்தம் எலும்பு மஜ்ஜையின் அணுக்களே செலுத்தப்பட்டன. தீங்கு நேரவில்லை, ஆயினும், ஆறு மாதம் கழித்து நோக்கியபோது இரு பிரிவினரும் ஒரே அளவே தேறியிருந்தனர். ஜப்பானில் 206 பேரிடம் பிறர் எலும்பு மஜ்ஜையினின்று வளர்த்த அணுக்களைக் கொண்டு நடத்தி, 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையும் கருதிய இலக்கை எட்டவில்லை.

இருந்தும், இதனையே கைகண்ட மருந்தெனக் கூறிப் பெரும்பொருள் கொள்வோர் உளர். உறவினரின் துயரே அவர்களுக்கு முதலீடு. பக்கவாதத்திற்குக் குருத்தணு செலுத்துதல் முறைப்படி ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடைபெறலாம் என்பது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின் கருத்தாகும்.

ஆய்வுக்கூடங்களில் வேலை நிற்கவில்லை. எந்த நாளில், எவ்வழியே, எத்தனை அணுக்கள் செலுத்தத்தக்கவை என்று ஆராய்கின்றனர். அணுக்களையே விடுத்து, அவை வெளியிடும் நுண்பைகளை மட்டும் பிரித்துச் செலுத்தினால் குழாய்கள் வளருமா என்பதையும் சிலர் சோதித்து வருகின்றனர்.