நம்பிக்கை எனும் மூலதனம்

மலாக்கா மாநிலத்தின் பொருளாதார வரலாற்றில் ரப்பருக்குத் தனி இடம் உண்டு. 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் மரங்களைப் பயிரிட்டார். மலாயாவில் அத்தகைய முதல் தோட்டம் அதுவே. 1910ஆம் ஆண்டில் ரப்பரின் விலை உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டில் சைம் டார்பி நிறுவனம் மலாக்காவில் தோன்றியது. காட்டைத் திருத்தித் தோட்டம் அமைக்கப் பெரும் பணம் தேவைப்பட்டது. பல நிறுவனங்கள் இலண்டனில் பங்குகளை விற்று அப்பணத்தைத் திரட்டின. பங்கு வாங்கியவர்களுள் பலர் மலாயாவைக் கண்ணால் கண்டதில்லை. எத்தனை ஏக்கரில் மரங்கள் நடப்பட்டுள்ளன, அவை எப்போது பால் தரும் என்பதை நிறுவனம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

பணம் கொடுப்பவருக்குக் குறைவாகவும் பணம் பெறுபவருக்கு அதிகமாகவும் விவரம் தெரிந்திருக்கும் இந்நிலையைத் தகவல் இடைவெளி எனலாம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார்களின் சந்தையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தோட்டப்புற வாழ்வை அறிந்தவர்களுக்கு ரப்பர் பாலே போதிய எடுத்துக்காட்டாகும். வாளியில் உள்ள பாலில் தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. அதை அளக்க வழியில்லையெனில், வாங்குபவர் எல்லாருடைய பாலுக்கும் குறைந்த விலையையே தருவார். அதனால் நல்ல பால் கொண்டுவருபவர் நட்டமடைந்து சந்தையை விட்டு விலகுவார். கலப்படப் பாலே எஞ்சும். மெட்ரோலெக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு ரப்பரின் அளவைக் கணித்தபோது இச்சிக்கல் குறைந்தது. நிறுவனங்களுக்கு அத்தகைய அளவுகோலாக விளங்குவது, உண்மையாக வெளியிடப்படும் கணக்கறிக்கையாகும்.

நிறுவனங்கள் பணத்தை எவ்வாறு திரட்டுகின்றன என்பதை ஆராய்ந்தவர்களுள் ரகுராம் ராஜன் குறிப்பிடத்தக்கவர். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1963ஆம் ஆண்டில் இந்தியாவின் போபால் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1991ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்று, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நாற்பது வயதுக்குட்பட்ட நிதியியல் அறிஞர்களுக்கு வழங்கப்படும் ஃபிஷர் பிளாக் பரிசை 2003ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

1992ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது ஆய்வு, வங்கிக் கடனின் இரு பக்கங்களையும் காட்டியது. நிறுவனத்தை நெருங்கி அறிந்த வங்கி, வீண் முயற்சிகளைத் தக்க நேரத்தில் தடுத்துவிடும். ஆனால், அந்த வங்கிக்கு மட்டுமே உண்மை நிலை தெரியுமானால், நிறுவனம் அதன் பிடியில் சிக்கிக்கொள்ளும். உழைத்து ஈட்டும் இலாபத்தில் பெரும்பங்கை வங்கியே கேட்கும். 555 குறிப்பேட்டில் கடன் எழுதும் மளிகைக் கடையை இதனோடு ஒப்பிடலாம். ஒரு குடும்பத்தின் நாணயத்தை அறிந்த கடைக்காரர், சம்பளம் வரும்வரை பொறுத்துக்கொள்வார். ஆனால், வேறு எந்தக் கடையும் கடன் தராதபோது அவர் சொல்வதே விலையாகிவிடும்.

1998ஆம் ஆண்டில், லூயிஜி சிங்காலஸ் என்பவருடன் இணைந்து 41 நாடுகளின் தொழில்துறைகளை ராஜன் ஆராய்ந்தார். வெளியாரின் பணத்தை அதிகம் நம்பியிருக்கும் தொழில்கள், நிதித்துறை நன்கு வளர்ந்த நாடுகளில் விரைவாக வளர்வதை அவ்வாய்வு காட்டியது. நிதித்துறையின் வளர்ச்சியை அளக்க, நிறுவனங்களின் கணக்கறிக்கைகள் எந்த அளவுக்கு விவரங்களை வெளியிடுகின்றன என்பதையும் அவர்கள் பயன்படுத்தினர்.

ஆய்வில் கண்டதைச் செயலிலும் காட்டும் வாய்ப்பு ராஜனுக்குக் கிடைத்தது. 2013 முதல் 2016 வரை அவர் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராகப் பணியாற்றினார். அக்காலத்தில் சில வங்கிகள், திரும்பி வராத கடன்களை நல்ல கடன்களாகவே கணக்கில் காட்டிவந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்ற செயல் அது. 2015ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி அக்கணக்குகளைத் துருவி ஆராய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 5.1 விழுக்காடாக இருந்த வாராக்கடன், 2016 மார்ச்சில் 7.6 விழுக்காடாக உயர்ந்தது. வங்கிகள் நட்டக் கணக்கை வெளியிட்டன. அவற்றின் பங்கு விலைகள் சரிந்தன. கடன் வழங்கல் மந்தமாவதற்கு இந்நடவடிக்கையே காரணம் எனச் சிலர் குறை கூறினர். நோயை மறைத்தால் அது முற்றும். ஆகவே, வலித்தாலும் அறுவைச் சிகிச்சை தேவை என்பதே ராஜனின் நிலைப்பாடாக இருந்தது.

மலேசியாவிலும் தகவல் வெளியீடு சட்டத்தின் துணையோடு நடைபெறுகிறது. 1993ஆம் ஆண்டில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கப் பங்கு ஆணையம் அமைக்கப்பட்டது. மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டின் கணக்கையும் இரண்டு மாதத்திற்குள் வெளியிட வேண்டும். இதற்குச் செலவும் உண்டு. போட்டியாளரும் அவ்விவரங்களைப் படிப்பர். ஆயினும், சிறு முதலீட்டாளருக்கு வேறு பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை.

தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் வாழ்விடம் இழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கியது. அத்தகைய பணம் எங்கே போகிறது என்பதை அறிவது உறுப்பினரின் உரிமை. கணக்கைக் கேட்டுப் புரிந்துகொள்வது அவரது கடமை.

அந்த உரிமையும் கடமையும் மாணவர்களுக்கும் உண்டு. இடைநிலைப்பள்ளிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கிய மாணவரும் ஒரு முதலீட்டாளரே. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தரப்படும் அறிக்கையைப் புரட்டி, வரவு என்ன, செலவு என்ன, இலாபம் எப்படிப் பகிரப்பட்டது என்று கேட்கும்போது தகவல் இடைவெளி சிறிது குறைகிறது. அவ்விடைவெளி குறையக் குறைய நம்பிக்கை வளர்கிறது. நம்பிக்கை உள்ள இடத்திற்கே மூலதனமும் வந்து சேர்கிறது.