கழிவுநீர்க் கருவியில் அமைப்புக் கோப்பு

பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததை நம் வட்டாரத்தார் நன்கறிவர். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் கழிவை இடைவிடாது அளந்தனுப்பும் கருவிகளைப் பொருத்தப் பணித்தது. அளவுகளைத் திரட்டியனுப்பும் பெட்டியைச் சிறு லினக்ஸ் கணினியாக அமைக்கலாம். அளவு எங்கே, எத்தனை நிமிடத்திற்கொருமுறை செல்வது என்பதை அமைப்புக் கோப்பு சொல்லும்.

அதைக் கருவியிலேயே கையால் எழுதிவைப்போர் உண்டு. புதிய படிமத்தை, அதாவது முழு மென்பொருள் தொகுப்பை, பழையதன்மேல் ஏற்றியதும் அது அழியும். ஆற்றுக்குச் செல்வது எது என்ற கணக்கும் அத்துடன் நின்றுவிடும். ஆகவே படிமத்தைக் கட்டும்போதே கோப்பைச் சேர்க்க வேண்டும்.

'பில்ட்ரூட்' முறையில் 'ஓவர்லே' என்னும் அடைவுக்குள் 'இடிசி' என்ற உள்ளடைவில் கோப்பை வைத்தால் போதும். மென்பொருள்கள் யாவும் சேர்ந்தபின் அது நகலாகி, அதே பெயருள்ள பழைய கோப்பின் இடத்தைப் பிடிக்கும். 'யோக்டோ' முறையில் 'ரெசிபி' எனும் செய்குறிப்பு எழுத வேண்டும்; தொடக்க மாணவருக்கு முன்னதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்று கவனிக்க: ஓவர்லேயிலிருந்து கோப்பை நீக்கினாலும் முன்னைய நகல் தங்கிவிடும், முழுதும் துடைத்துவிட்டு மீண்டும் கட்ட வேண்டும்.

நிலைய எண்ணையும் கடவுச்சொல்லையும் படிமத்தில் சேர்க்கலாகாது. அவற்றைப் படிமம் ஏற்றும்போது அழியாத தனிப் பகுதியில் வைத்தால், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஒரே படிமம் போதும்.