சைக்கிளில் மோட்டார் பொருத்தும் முன் ஒரு கணக்கு

பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கைக்கு வந்த சில வாரங்களில் மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். "சார், இதுல மோட்டார் மாட்டலாமா?" கைப்பேசியில் காணொளி பார்த்திருப்பார்கள். யாரோ ஒருவர் பழைய சைக்கிளில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு பறப்பார். செலவு இவ்வளவுதான் என்பார். 2001-02இல் தொடங்கிய மிதிவண்டித் திட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் பேருந்து நிற்காத ஊர்களிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வெயிலில் மிதித்து வருபவர்களுக்கு இது வேடிக்கைக் கேள்வி அன்று. "வேண்டாம், ஆபத்து" என்று நாம் முடித்துவிட்டால் அடுத்த முறை நம்மிடம் கேட்காமலே கடைக்குப் போவார்கள்.

நான் இக்கேள்வியை ஒரு பாடமாக்கி நடத்திவருகிறேன். ஒன்பதாம் வகுப்பின் 'மின்னூட்டமும் மின்னோட்டமும்', பத்தாம் வகுப்பின் 'இயக்க விதிகள்', 'மின்னோட்டவியல்', பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்' ஆகிய பாடங்கள் அனைத்தும் ஒரே வண்டியில் வந்து நிற்கின்றன. வண்டி, மடக்கு சைக்கிள். நகரத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, உள்ளே மூன்று நான்கு கிலோமீட்டர் போகவேண்டிய நம் ஆசிரியர்களில் சிலர் இப்போது இதை வைத்திருக்கிறார்கள். மாடி வகுப்பறைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், மேசைமேல் நிறுத்தலாம். முக்கியமான வசதி, அதன் சக்கரம் சிறியது. மாணவர்களின் பெரிய சக்கரத்தோடு ஒப்பிட வாகாக இருக்கிறது.

முதல் வேலை சக்கரத்தை அளப்பது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைத் தனியாகச் செய்யலாம். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. தரையில் ஒரு கோடு. ஒரு சுற்று உருட்டி அடுத்த கோடு. 20 அங்குல மடக்கு சைக்கிளில் ஏறத்தாழ 153 செ.மீ. வரும், 26 அங்குலச் சக்கரத்தில் 205 செ.மீ. அருகில் வரும். 153ஐ 3.14ஆல் வகுத்தால் 49 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 19 அங்குலம் சொச்சம்தான். "20 அங்குலம்னு எழுதியிருக்கே, ஏமாத்துறாங்களா?" என்று கட்டாயம் ஒரு குரல் எழும். டயரில் எழுதியிருப்பது பெயரளவு எண் என்பதையும், ஆள் ஏறினால் டயர் அமுங்குவதையும் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த இரு எண்களை வைத்து அடுத்த கேள்வி. மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு 5.56 மீட்டர். பெரிய சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 163 முறை சுற்றவேண்டும். சிறியது 218 முறை. பெரிய சக்கரத்தில் 25 கி.மீ. வேகம் தரும் மோட்டாரை அப்படியே சிறிய சக்கரத்தில் மாட்டினால் வேகம் 19 கி.மீ.க்குள் நின்றுவிடும். அதே சமயம் தள்ளுவிசை கூடும். 20 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால் பெரிய சக்கரத்தில் 61 நியூட்டன், சிறியதில் 82 நியூட்டன். வேகத்தில் இழந்ததை இழுவையில் பெறுகிறோம். ஏற்றக் கவலையின் கோலையும் வாளியையும் பார்த்த தலைமுறை இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டிருக்கும். இன்றைய பிள்ளைகளுக்குக் கியர் சைக்கிள் போதும்.

அடுத்து, திறனும் ஆற்றலும். பேச்சுத் தமிழில் இரண்டையும் 'சக்தி' என்று சொல்லிப் பழகிவிட்டதால் மாணவர்கள் வாட்டையும் வாட்-மணியையும் கலந்துவிடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளிடம் கிணற்று மோட்டாரிலிருந்து தொடங்கினால் குழப்பம் பாதி தீரும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். 5 குதிரைத்திறன் கிணற்று மோட்டார் 3,730 வாட். நாம் பேசும் சைக்கிள் மோட்டார் 250 வாட், மூன்றில் ஒரு குதிரை. ஒரு கிணற்று மோட்டாரின் திறனை 15 சைக்கிள்களுக்குப் பங்கிடலாம். சாதாரண ஆள் ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரும் திறன் ஏறக்குறைய 75 முதல் 100 வாட். ஆக 250 வாட் என்பது நம்மோடு இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மிதிப்பதற்குச் சமம்.

அது போதுமா? இதைத்தான் கரும்பலகையில் போடவேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. டயரின் உருளல் எதிர்ப்பு ஏறத்தாழ 7 நியூட்டன். வேகம் மாறினாலும் இது பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 20 கி.மீ. வேகத்தில் அது 11 நியூட்டன், மொத்தம் 18. நொடிக்கு 5.56 மீட்டரால் பெருக்கினால் சக்கரத்தில் தேவைப்படுவது 100 வாட். 25 கி.மீ.க்கு ஏறத்தாழ 170 வாட். 30 கி.மீ.க்கு 265 வாட்டைத் தாண்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆனபோது திறன் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. இந்த மூன்று எண்களையும் வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே வளைவதைப் பார்க்கும் மாணவனுக்கு, 'இன்னும் கொஞ்சம் வேகம்' என்பதன் விலை புரியும். 3 சதவீத ஏற்றமுள்ள மேம்பாலத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏறவும் 165 வாட் வேண்டும். அதுவும் 250க்குள் அடங்கும். சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் இந்த வண்டியிடம் கேட்கக்கூடாது. ஏறும்போது மோட்டார் சூடாகும்; இறங்கும்போது பிரேக் கட்டை சூடாகும்.

பேட்டரியில் பேசவேண்டியது ஆற்றல். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் பெருக்குத்தொகை 270 வாட்-மணி. நம் மின்கட்டண அட்டையின் மொழியில் 0.27 யூனிட். சமதரையில் கிலோமீட்டருக்கு 7 வாட்-மணி போதும். நின்று நின்று கிளம்புவதையும் எதிர்க்காற்றையும் ஏற்றத்தையும் சேர்த்து 10 என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு. பேட்டரியை அடிமட்டம் வரை வடிக்காமல் 80 சதவீதம் பயன்படுத்தினால் 21 கி.மீ. கிடைக்கும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு முறை ஏற்ற மூன்றில் ஒரு யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் மூன்று ரூபாய்க்குள் முடிகிறது. 2021இல் மதுரையில் கல்லூரி மாணவர் ஒருவர் சூரிய மின்தகடு பொருத்திய மின்சைக்கிளைச் செய்ததாகச் செய்தி வந்தது. 24 வோல்ட், 26 ஆம்பியர் பேட்டரி, 50 கி.மீ. ஓடும் என்று அதில் இருந்தது. இந்த எண்களைக் கொடுத்து, "நம்பலாமா, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்று விட்டேன். 624 வாட்-மணியை 50ஆல் வகுத்தார்கள், 12.5 வந்தது. நம்பலாம் என்று வகுப்பே தீர்ப்பளித்தது. அடுத்த வாரம் 'ஒரு சார்ஜில் 100 கி.மீ.' என்ற விளம்பரத்தை ஒரு மாணவி கொண்டுவந்து, பேட்டரியின் அளவையே போடவில்லையே என்று கேட்டாள்.

ஏன் 36 வோல்ட்? இதற்கு வரலாற்றில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்று மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். இன்றைய வண்டிகளின் அதே அமைப்பு. ஆனால் அவருடைய பேட்டரி 10 வோல்ட். 250 வாட் தர 10 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஓடவேண்டும். 36 வோல்ட்டில் 7 ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 10 வோல்ட்டில் இழப்பு 13 மடங்கு. ஜூல் விதிக்கு நான் வேறு எடுத்துக்காட்டு தேடுவதில்லை.

இனிப் பொருத்தும் வேலை. மோட்டாரோடு கூடிய சக்கரம், கன்ட்ரோலர், திராட்டில், பேட்டரி, சார்ஜர் என எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. கலர் பார்த்து வயரைச் சொருகத் தெரிந்தவர் ஒரு பிற்பகலில் மாட்டிவிடுவார். காணொளிகள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். காட்டாதவை அச்சும் கீலும் பிரேக்கும்.

மடக்கு சைக்கிள்கள் சிலவற்றில் முன் ஃபோர்க்கின் உள்ளகலம் 74 மி.மீ.தான், வழக்கமான மோட்டார் கேட்பது 100 மி.மீ. விரித்து நுழைக்கக்கூடாது. வாங்குமுன் அளந்துவிடவேண்டும். அடுத்து, மோட்டார் சக்கரத்தை முன்னால் திருப்பும்போது அதன் அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும்; நியூட்டனின் மூன்றாம் விதி. கிளம்பும் நேரத்தில் திருப்புவிசை 30 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். அச்சின் தட்டையான பகுதி 10 மி.மீ. அகலம். 30ஐ 0.01ஆல் வகுத்தால் 3,000 நியூட்டன். ஏறத்தாழ 300 கிலோ எடை, ஃபோர்க்கின் சிறு பள்ளத்தின் இரு சுவர்களையும் எதிரெதிராகப் பிதுக்குகிறது. அலுமினிய ஃபோர்க் வாய் பிளந்தால் முன்சக்கரம் கழன்றுவிடும். ஆகவே அச்சைப் பிடித்துக்கொள்ளும் நீண்ட எஃகுத் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும். அதே 30ஐ 10 செ.மீ. நீளத் தகட்டுக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 300 நியூட்டன். நெம்புகோல் பாடம் முடிந்தது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் நம்முடையது, 10 மி.மீ. பள்ளத்தை அரத்தால் துல்லியமாக அராவித் தரும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

மடக்கும் கீலில் வயர் நசுங்காதபடி ஒரு வளையம் விட்டுக் கட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் மடக்கி விரித்துப் பார்க்கவேண்டும். பிரேக் கணக்கு இன்னும் முக்கியம். மோட்டாரும் பேட்டரியும் சேர்த்து 95 கிலோ. 15 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 825 ஜூல், 25 கி.மீ.யில் 2,290. மிதிக்கும் வேகத்துக்குச் செய்த பிரேக் 2.8 மடங்கு ஆற்றலை விழுங்கவேண்டும். நிற்கும் தூரமும் அதே மடங்கு நீளும். பிரேக்கைத் தொட்டவுடன் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடி இல்லாத தொகுப்பை நான் ஏற்பதில்லை.

லித்தியம் பேட்டரியை வகுப்பறையில் பிரிக்கவே கூடாது. 36 வோல்ட் பேட்டரியில் 3.6 வோல்ட் செல்கள் பத்து, தொடராக இருக்கும். முழுதாக ஏறினால் 42 வோல்ட். ஒவ்வொரு செல்லும் அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. பழைய மடிக்கணினி செல்களைப் பற்றவைத்து, அந்தப் பலகை இல்லாமல் செய்த பேட்டரியை எவரும் பள்ளிக்குக் கொண்டுவர அனுமதிக்காதீர்கள். உப்பிய, நசுங்கிய பேட்டரிக்குச் சார்ஜ் போடக்கூடாது. தூங்கும் அறையிலும் வெளியே போகும் வழியிலும் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது. சித்திரை வெயிலில் வண்டியோடு விட்டுவிடக்கூடாது. புகை வந்தால் அணைக்க நிற்காமல் எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழைக்கவேண்டும்.

பிறகு சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் படி, முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் மின்சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகாது. அந்த எண்கள் ஏன் என்பது நம் வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் இதைப் பரிசோதனை அமைப்பு சரிபார்த்துச் சான்றளித்திருக்கவேண்டும் என்றும் விதி சொல்கிறது. கடையில் சான்றோடு வரும் வண்டிக்கு அது இருக்கும். வீட்டில் மாற்றிய வண்டிக்கு இராது. 350 வாட், 500 வாட் தொகுப்புகளைச் 'சைக்கிள்தானே' என்று விற்கிறார்கள். அவை பொருத்திய வண்டிக்குப் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். 18 வயது நிரம்பாதவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் அமைதியாகக் கேட்பார்கள்.

அதனால் நான் வைத்திருக்கும் எல்லை இது. விலையில்லா மிதிவண்டியில் கைவைப்பதில்லை. மாற்றிய வண்டியை மாணவர்கள் சாலையில் ஓட்டுவதில்லை. சக்கரம் தரையைத் தொடாதபடி தாங்கியில் நிற்கும் வண்டியே நம் ஆய்வகம். மாணவர்கள் பல்மீட்டரில் அளப்பது சுமை இல்லாத சக்கரத்தையும், பிரேக்கை லேசாகப் பிடித்த சக்கரத்தையும். முதலாவதில் மின்னோட்டம் ஓர் ஆம்பியர் அளவில் இருக்கும். பிரேக்கை மெல்லப் பிடித்தவுடன் எண் ஏறத் தொடங்கும். திறன் என்ற சொல் அவர்கள் கண்ணெதிரே அசையும் இடம் அதுதான்.

நான்கு பாடவேளைகள் போதும்: சக்கரத்துக்கு ஒன்று, திறன் வரைபடத்துக்கு ஒன்று, பேட்டரிக்கும் அச்சுக்கும் ஒன்று, தாங்கியில் அளப்பதற்கு ஒன்று. வீட்டுப்பாடமாக ஒரே கேள்வி கொடுக்கலாம். உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை ஏற்றம், போய்வர எத்தனை வாட்-மணி? அதே தூரத்தை 100 வாட் திறனில் நீயே மிதித்தால் எத்தனை நிமிடம் ஆகும்? இரண்டாவது கேள்விக்கு விடை கண்ட ஒரு பெண், மோட்டார் மிச்சப்படுத்துவது மூன்று நிமிடம்தான் என்று எழுதி, "அதுக்கு டயர்ல காத்து சரியா அடிச்சாலே போதும் சார்" என்று பக்கத்தில் குறித்திருந்தாள். உருளல் எதிர்ப்பைப் பற்றி அடுத்த வகுப்பை அந்த வரியிலிருந்து தொடங்கினேன்.